மறு: ரெக்ஸ் பூனைக்குத் தமிழில் என்ன பெயர்?

குழும நண்பர்களுக்கு வணக்கம். மயிர் சுருண்டிருக்கும் ரெக்ஸ் பூனைகளுக்குத் தமிழ்ப் பெயர் தேடும் பேச்சில், நீங்கள் எழுதிய யோசனைகளுக்கு என் பதில் இது.

> ரெக்ஸ் என்றால் லத்தீனில் அரசன். ‘அரசப்பூனை’ என்றே வைத்துவிடலாமே.

வேண்டாம் என்பது என் கருத்து. லத்தீன் பொருள் சரிதான், ஆனால் அந்தப் பெயர் பூனையைப் பார்த்து வைத்ததே இல்லை, முயலிடமிருந்து வந்தது. 1919இல் பிரான்சில் தோன்றிய ஒரு முயலுக்கு வெளிமயிர் நீளாமல் அடிமயிர் அளவிலேயே நின்றுவிட்டது, தொட்டால் அவ்வளவு மென்மை. பீவர் என்ற நீர்வாழ் கொறிவிலங்கின் தோலுக்கு அன்று இருந்த மதிப்பை நினைத்து அதை ‘காஸ்டர் ரெக்ஸ்’, அதாவது பீவர்களின் அரசன் என்றார்கள். அந்த வழியில் பிறகு வந்த அஸ்ட்ரெக்ஸ் முயலுக்குத்தான் மயிர் சுருண்டிருந்தது.

பூனைக் கதை 1950 ஜூலை 21 அன்று தொடங்குகிறது. இங்கிலாந்தின் கார்ன்வாலில், போட்மின் மூர் பக்கத்துப் பண்ணை ஒன்றில், செரீனா என்ற பூனை ஐந்து குட்டி போட்டது. நான்குக்குச் சாதாரண மயிர். ஐந்தாவது, காலிபங்கர் என்ற ஆண்குட்டி, உடம்பெல்லாம் அலை அலையாக, மீசை உட்படச் சுருண்டு பிறந்தது. வளர்த்த நீனா என்னிஸ்மோர் ஏற்கெனவே முயல் வளர்த்தவர் என்பதால் இது அஸ்ட்ரெக்ஸ் சங்கதி என்று அவருக்கு உடனே பட்டிருக்கிறது. மரபியலாளர் ஏ.சி. ஜூட் சொன்னபடி காலிபங்கரைத் தாயோடே இணைசேர்த்தார், மறுபடியும் சுருள் குட்டிகள். ஒடுங்கு பண்பு, அதாவது தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும் பண்பு, என்று தெரிந்தது, ‘ரெக்ஸ்’ என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. ஆக முயலுக்குச் சூட்டிய பட்டத்தைத் தமிழில் பெயர்த்துப் பூனைக்குச் சூட்டினால் படிப்பவருக்குச் சுருள் என்ற செய்தியே போய்ச் சேராது.

> ‘சுருட்டைப்பூனை’ எளிமையாக இருக்கிறது.

பேச்சில் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் அந்தச் சொல்லை ஓர் இனத்தின் பெயராக ஆக்க முடியாது, ஏனென்றால் ரெக்ஸ் என்பது ஒரே இனம் இல்லை. இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 1960இல் பக்கத்து மாவட்டமான டெவனில், பக்ஃபாஸ்ட்லீ என்ற ஊரில், கைவிட்ட வெள்ளீயச் சுரங்கம் ஒன்றைச் சுற்றித் திரிந்த சுருள்மயிர்க் கடுவனின் வழியில் கிர்லி என்ற சுருள்மயிர்க் குட்டி பிறந்தது. காலிபங்கருக்கு உறவாகத்தான் இருக்கும் என்று எண்ணி அதைக் காலிபங்கர் வழிவந்த கார்னிஷ் (கார்ன்வால்) இனப் பெண்பூனைகளோடு சேர்த்தார்கள். பிறந்த குட்டி அத்தனைக்கும் நேர்மயிர்! இரண்டும் ஒடுங்கு பண்புகள், ஆனால் வெவ்வேறு மரபணுக்களில் உட்கார்ந்திருப்பவை. ஒன்றின் குறையை மற்றது நிரப்பிவிடுகிறது. கார்னிஷ் பூனைக்கு எல்பிஏஆர்6 என்ற மரபணுவிலும், டெவன் பூனைக்குக் கேஆர்டி71 என்ற கெரட்டின் மரபணுவிலும் சடுதிமாற்றம் என்று பின்னால் ஆய்வாளர்கள் கண்டார்கள். 1987இல் அமெரிக்காவின் மொன்டானாவில் தோன்றிய செல்கர்க் ரெக்ஸ் இன்னொரு வகை. அது ஓங்கு பண்பு, பெற்றோரில் ஒன்று சுருளாக இருந்தாலே குட்டிக்கு வந்துவிடலாம். இத்தனையையும் ‘சுருட்டைப்பூனை’ என்ற ஒரே மூட்டையில் கட்டினால் மரபியல் பாடம் எழுதுபவர் திண்டாடுவார். போதாததற்குச் சுருட்டை என்றதும் நம் ஊரில் பலருக்கு விரியன் பாம்புதான் நினைவுக்கு வரும்.

அதனால் பண்புக்கு ஒரு சொல், இனத்துக்கு அதன் வழக்கமான முன்பெயரோடு அதே சொல் என்று பிரிக்கலாம். பண்புக்கு ‘சுரிமயிர்’ என்பது என் பரிந்துரை. ‘சுரி’ சுருள் என்ற பொருளில் நம்மிடம் வெகுகாலமாகப் புழங்கும் வேர், சுரிகுழல் என்று படித்தவர்களுக்கு விளக்கமே தேவைப்படாது. கார்னிஷ் சுரிமயிர், டெவன் சுரிமயிர், செல்கர்க் சுரிமயிர் என்று எழுதினால் மூன்றும் தனித்தனி என்பதும் தெரியும், பொதுக் குணமும் தெரியும். அமெரிக்காவின் ஓரிகனில் தோன்றிய லாபெர்ம் என்ற சுருள்மயிர் இனத்தின் பெயரில் ரெக்ஸ் இல்லை, அதை அப்படியே விடலாம். ‘மயிர்’ என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது, ‘முடி’ போடலாமா என்று அக்கா ஒருவர் கேட்டிருந்தார். மயிர்க்கால், மயிரிழை எல்லாம் பாடநூலில் இருக்கும்போது இங்கே மட்டும் ஏன் தயங்க வேண்டும்? முடி என்றால் நம் மனம் தலைக்குத்தான் போகும்.

அப்புறம் இதோடு சேர்த்தே முடிக்க வேண்டிய வேலை ஒன்று. பூனை உடலில் மூன்று வகை மயிர் உண்டு: வெளியே நீண்டு மழையையும் அழுக்கையும் தடுப்பது, நடுவில் இருப்பது, தோலையொட்டிச் சூடு காப்பது. முதலாவதற்குக் ‘காப்புமயிர்’, மூன்றாவதற்கு ‘அடிமயிர்’ என்று வைக்கலாம். கார்னிஷ் பூனையிடம் காப்புமயிர் கிடையாது. அதன் மயிர் காற்று வரி போட்ட மணல் மாதிரி அலை அலையாக உடம்போடு படிந்திருக்கும். டெவனில் மூன்றும் உண்டு, ஆனால் எளிதில் ஒடியும். மீசைகூடப் பாதியில் முறிந்து கட்டையாக நிற்பதைப் பார்க்கலாம். இந்த வேறுபாட்டைத் தமிழில் சொல்ல மூன்று சொல்லும் வேண்டும்.

நடுவில் இருப்பதற்கு ‘இடைமயிர்’ என்று யோசித்தேன், ஆனால் அது இடுப்பு மயிர் என்றும் படிக்க இடம் தருகிறது. ‘நடுமயிர்’ பொருள் சரி, காதுக்கு இனிமையாக இல்லை. ஆட்டு ரோமம் கத்தரிப்பவர்களிடமும் கம்பளி நெய்பவர்களிடமும் இதற்குச் சொல் இருக்கலாம். அவர்களோடு பழக்கமுள்ளவர்கள் கேட்டு எழுதினால் அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். ‘சுரிமயிர்’ பற்றி மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள், மாற்றிக்கொள்ளத் தயார்.