ஸ்டார் ட்ரெக் முதல் சீசன்: இன்னும் விடாமல் துரத்துகிற அந்த ஒரு காட்சி

மொட்டைமாடி:

அறுபதுகளின் அமெரிக்க விண்கப்பல் தொடர், அதில் எனக்கு 'தி மேன் ட்ராப்' எபிசோட். உப்பு உறிஞ்சுகிற அந்த ஜந்து, பார்த்தவர்களுக்குத் தெரியும், கதையெல்லாம் சொல்லப்போவதில்லை. எண்பதுகளில் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை காலையில் போடுவார்கள், எங்கள் வீட்டில் ஷட்டர் வைத்த சாலிடேர், கறுப்பு வெள்ளை. பாட்டிக்கு இங்கிலீஷ் சுத்தமாகத் தெரியாது, ஆனாலும் பூண்டு உரித்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து கடைசிவரை பார்ப்பாள். கேப்டன் கிர்க் உள்ளங்கையில் உப்பை வைத்து நீட்டுகிறான், கப்பல் டாக்டர் மெக்காயின் பழைய காதலி நான்சி உருவத்தில் இருக்கிற அது அவன் முகத்தைப் பார்க்காமல் கையையே பார்க்கிறது. சரியாக அந்த இடத்தில் கரண்ட் போய்விட்டது. அப்புறம் என்ன பாட்டி ஆகியிருக்கும் என்று கேட்டேன். "உப்புதானே கேக்குது, குடுத்திருப்பான், வேற என்ன" என்றாள்.

இருபது வருஷத்துக்கு மேல் எனக்கு அதுதான் முடிவு. கொடுத்துவிட்டான், அதுவும் தின்றுவிட்டுப் போய்விட்டது. பிறகு டிவிடி வாங்கிப் பார்த்தால், டாக்டர் மெக்காய் அதைச் சுடுகிறார். அது மறுபடி நான்சியாக மாறி அவரிடம் கெஞ்சுகிறது, திரும்பவும் சுடுகிறார். அந்தக் கிரகத்தில் அந்த இனத்தில் மிச்சமிருந்ததே அது ஒன்றுதான். கடைசியில் கிர்க் வேட்டையாடியே அழித்த காட்டெருமைகளைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன் என்கிறான், அவ்வளவுதான், கப்பல் கிளம்பிவிடுகிறது. பாட்டி அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளிடம் சொல்லியிருப்பேனா என்றும் தெரியவில்லை.

கடைசிபெஞ்ச்:

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். 'தி மேன் ட்ராப்' முதலில் ஒளிபரப்பானது, 1966 செப்டம்பர் 8, சரி. ஆனால் முதலில் எடுத்தது அது இல்லை. 'தி கேஜ்' என்று ஒரு பைலட், அதாவது சோதனை எபிசோட், எடுத்து என்.பி.சி. சேனல் அதை வேண்டாம் என்றது, பிறகு இன்னொரு பைலட்டுக்கு வாய்ப்புக் கொடுத்தது. அந்த இரண்டாவது பைலட்தான் 'வேர் நோ மேன் ஹேஸ் கான் பிஃபோர்', அதையும் மூன்றாவது வாரம்தான் போட்டார்கள். அதனால்தான் அதில் சட்டை வேறு மாதிரி இருக்கும், மெக்காய் இருக்க மாட்டார், வேறொரு டாக்டர் இருப்பார்.

என் காட்சி அதில்தான். கேரி மிட்செல் கண் வெள்ளியாகி, ஆள் கடவுள் மாதிரி ஆகிக்கொண்டே போகிறான், கிர்க்குக்கு அவன் பல வருஷ சிநேகிதன். இப்போதே கொன்றுவிடு, இல்லையென்றால் ஆளில்லாத கிரகத்தில் இறக்கிவிட்டுப் போ என்று, உணர்ச்சியைக் காட்டாத வல்கன் கிரகத்து அதிகாரி ஸ்போக் முன்னாலேயே சொல்லிவிடுகிறான். கடைசிச் சண்டையில் ஒரு நிமிஷம் மிட்செல் கண் பழையபடி ஆகிறது, "ஜிம்" என்கிறான், கிர்க் கல்லைத் தூக்கிப் பிடித்தபடி என்னை மன்னித்துவிடு என்று சொல்லிவிட்டு அப்படியே நிற்கிறான். போட முடியவில்லை. அதற்குள் கண் திரும்பவும் வெள்ளியாகிவிடுகிறது. கல்லறைக் கல்லில் ஜேம்ஸ் ஆர். கிர்க் என்று தப்பாக எழுதியிருப்பார்களே, எல்லோரும் அதைத்தான் சொல்லிச் சிரிப்பார்கள், எனக்கு அந்த எபிசோடில் சிரிப்பே வராது. என்னோடு ஒரே ரூமில் நாலு வருஷம் இருந்தவன் மேல் ஆபீஸில் ஒரு புகார் போனது, எழுதிக் கொடுத்தது நான். தப்பு அவனுடையதுதான். எழுதி முடித்து அனுப்புவதற்கு முன்னால் ஒரு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன், அந்த அரை மணி நேரம்தான்.

டிவிடி பெட்டி:

நான் முதலில் பார்த்தது 'தி கார்போமைட் மனூவர்', ரயிலில், லேப்டாப்பில், பேட்டரி தீர்வதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று. கப்பலை மிரட்டுகிற அந்தப் பயங்கர முகம் வெறும் பொம்மை, பின்னால் உட்கார்ந்திருப்பது ஒரு பொடியன் என்று தெரிந்தபோது சிரித்துவிட்டேன், எதிர் பெர்த் மாமா முறைத்தார். என் கதை அவ்வளவுதான்.

புதிதாகப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று. ஒளிபரப்பு வரிசையில் பார்க்காதீர்கள், எடுத்த வரிசையில் பாருங்கள். இரண்டாவது பைலட், அப்புறம் 'கார்போமைட்', அப்புறம் மற்றவை. 'கார்போமைட்' பைலட்டுகளுக்குப் பிறகு முதலில் எடுத்தது, ஆனால் போட்டது நவம்பர் 10, ஒளிபரப்பில் பத்தாவது. அதனால் வரிசை தெரியாமல் பார்த்தால் ஸ்போக் ஒரு வாரம் கத்துவான், அடுத்த வாரம் சாந்தமாக இருப்பான், அதற்கடுத்த வாரம் மறுபடி கத்துவான், புதியவர்கள் குழம்பிப்போவார்கள். 'தி கேஜ்' முழுதாக முதலிலேயே பார்க்காதீர்கள், அதில் ஸ்போக் பல் தெரியச் சிரிப்பான், அந்தச் சிரிப்பை ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்க முடியாது. அதன் காட்சிகளை வெட்டி ஒட்டித்தான் 'தி மெனாஜெரி' இரண்டு பாகமாக வந்தது, அதை முதலில் பாருங்கள். 2006-இல் கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் போட்டுப் புதுப்பித்தார்கள், கப்பல் பளபளவென்று இருக்கும், அதைத் தொடாதீர்கள். ப்ளூரேயில் பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றிப் பார்க்க வசதி உண்டு, பழையதை வைத்துக்கொள்ளுங்கள். கிரகத்தில் கப்பலை இறக்கிக் காட்டச் செலவாகும் என்றுதான் ஆளை மின்னவைத்து இறக்குகிற டிரான்ஸ்போர்ட்டரையே கண்டுபிடித்தார்கள், அந்தக் கஞ்சத்தனம்தான் இதன் அழகு. இரவில் பாருங்கள். ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

மருதாணி:

ஒரு நாளைக்கு எத்தனை பார்க்க வேண்டும் என்று நானே முடிவு செய்துகொள்கிறேன், நன்றி.

'சார்லி எக்ஸ்'. மூன்று வயதிலிருந்து தனியாக ஒரு கிரகத்தில் வளர்ந்த பையன், பதினேழு வயதில் மனிதர்களைப் பார்க்கிறான், நினைத்தால் யாரையும் இல்லாமல் ஆக்கிவிட முடியும். அவனுக்குக் கப்பலில் வேலை பார்க்கிற ரேண்ட் என்ற பெண் மேல் ஆசை. நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பார்த்தேன், கடைசியில் அந்தக் கிரகத்துக்காரர்கள் அவனைக் கூட்டிக்கொண்டு போக வருகிறார்கள், நான் இங்கேயே இருக்கிறேன், இருக்கிறேன் என்று அவன் குரல் தேய்ந்து தேய்ந்து மறையும், அழுதுவிட்டேன். பாவம் பையன், ஒருத்தரும் சொல்லிக்கொடுக்கவில்லையே என்று.

போன வருஷம் என் மகளோடு உட்கார்ந்து மறுபடி பார்த்தேன். அவளுக்குப் பதினைந்து. தாழ்வாரத்தில் சிரித்துக்கொண்டு வந்த ஒரு பெண்ணின் முகத்தை அவன் அழித்துவிடுவான், கண் மூக்கு வாய் எதுவும் இல்லாமல் அவள் சுவரைத் தடவுவாள். அந்தக் காட்சிக்காகத்தான் மகளைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லலாம் என்று காத்திருந்தேன். அவள் அதற்கெல்லாம் பயப்படவில்லை. அதற்கு ரொம்ப முன்னால், சார்லி ரேண்டைப் பின்னால் தட்டுகிறானே, ரேண்ட் அதைக் கேப்டன் உனக்கு விளக்குவார் என்று சொல்லிவிட்டு நகர்கிறாளே, அங்கே நிறுத்தச் சொன்னாள். "அவ ஏம்மா கேப்டன்கிட்ட போகச் சொல்றா, அவளே சொல்ல வேண்டியதுதானே?" என்றாள். கிர்க்கும் சொல்லத் தெரியாமல் திக்குவார், நாம் சிரிப்போம். எனக்குப் பதில் வரவில்லை. நான் அத்தனை தடவை பார்த்ததில் ரேண்டை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. முதல் சீசனில் எட்டு எபிசோடோடு அந்தப் பாத்திரமே காணாமல் போய்விட்டது என்பதும் மகள் தேடிச் சொல்லித்தான் தெரியும்.

கடைசிபெஞ்ச்:

1966-இல் எடுத்தது. அன்றைக்கு அதைக் காட்டியதே பெரிய விஷயம், இன்றைய கண்ணால் பார்த்தால் எல்லாமே தப்பாகத்தான் தெரியும்.

மருதாணி:

நான் தப்பு என்று எங்கே சொன்னேன்? எனக்குப் பதில் வரவில்லை என்றேன். 'மேன் ட்ராப்' வந்தது ஒரு வாரம் முன்னால்தானே, அதில் கப்பலின் தகவல்தொடர்பு அதிகாரி உஹுரா ஸ்போக்கிடம் உங்கள் ஊரில் நிலா எப்படி இருக்கும் என்று பேச்சுக் கொடுப்பாள், வல்கனில் நிலா கிடையாது என்பான், அதில் ஆச்சரியமே இல்லை என்பாள். அதுவும் 1966தான். எழுதத் தெரிந்திருக்கிறது.

வெள்ளவத்தை:

'பேலன்ஸ் ஆஃப் டெரர்'. மாமா கனடாவிலிருந்து வரும்போது கொண்டுவந்த கசெட்டில் பார்த்தது. எதிரிக் கப்பலின் உள்ளே தெரிகிறது, ரொமுலன் என்ற எதிரி இனத்தின் தளபதி முகத்தை முதல்முறை பார்க்கிறார்கள், காது கூர், புருவம் ஏறி இருக்கிறது, அசல் ஸ்போக் சாதி. உடனே கப்பலை ஓட்டும் அறையில் இருக்கிற நேவிகேட்டர் ஸ்டைல்ஸ் திரும்பி ஸ்போக்கைப் பார்ப்பான். அந்தப் பார்வை. கொழும்பில் தொண்ணூறுகளில் பஸ்ஸில் இருந்து இறக்கி அடையாள அட்டையைக் கேட்டு, பெயரை வாசித்துவிட்டு முகத்தைப் பார்ப்பார்களே, அந்த இடைவெளி தெரிந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கிர்க் ஸ்டைல்ஸைக் கடிந்துகொள்கிறான், அது நல்லது. ஸ்போக் ஒன்றும் சொல்வதில்லை, தன் வேலையைச் செய்கிறான்.

பிறகு வாயு கசிந்தபோது ஸ்டைல்ஸை வெளியே இழுத்துக் காப்பாற்றுகிறவனும் ஸ்போக்தான். ஸ்டைல்ஸ் நன்றியாக ஏதோ சொல்ல வருகிறான், பயிற்சி பெற்ற ஒரு நேவிகேட்டரைத்தான் காப்பாற்றினேன், வேலைக்குத் திரும்பட்டும் என்று ஸ்போக் சொல்லிவிடுகிறான். என் நண்பர்கள் இதைப் பெருந்தன்மை என்பார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. நன்றியை வாங்கிக்கொண்டால் முதலில் பார்த்த பார்வையையும் மன்னித்ததாகிவிடும், அதுதான் வாங்கவில்லை என்று இன்றுவரை நினைக்கிறேன். ரொமுலன் தளபதியாக வந்த மார்க் லெனார்ட் அடுத்த சீசனில் ஸ்போக்கின் அப்பாவாக வந்ததைப் பார்த்து நான் மட்டும்தான் சந்தோஷப்பட்டிருப்பேன் போல.

டிவிடி பெட்டி:

மொட்டைமாடி அண்ணா, பாட்டி சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. நான்சியின் கணவர் பேராசிரியர் கிரேட்டர் அதற்கு உப்புக் கொடுத்துத்தான் கூடவே வைத்திருந்தார், இருப்புக் குறைந்ததும்தான் பிரச்சினை. கப்பலில் உப்பு இல்லாமலா இருக்கும்? வாயைத் திறந்து கேட்டிருந்தால் ஒரு மூட்டை கிடைத்திருக்கும். ஆனால் அதற்குள் கப்பல் ஆட்கள் நாலு பேரைக் கொன்றுவிட்டதே, அதையும் பார்க்க வேண்டும். இப்போது திரும்பப் பார்ப்பதென்றால் நான் சொன்ன வரிசையில்

மருதாணி:

போதும்பா.

மொட்டைமாடி:

நேற்று அக்காவுக்குப் போன் பண்ணி இதையெல்லாம் படித்துக் காட்டினேன். அவள் என்னைவிட ஐந்து வயது பெரியவள், அன்றைக்குக் கூடவே இருந்தவள். கரண்டெல்லாம் போகவில்லையாம். அந்த ஜந்து நிஜ முகத்தைக் காட்டப் போகிறது என்பதற்குள் நான் வீல் என்று அலறினேனாம், பாட்டி பூண்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய் டிவியை அணைத்தாளாம். மேலே ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்ததாம்.