சாப்வித் கேமல் 1/48: கம்பி கட்டினால் இறக்கை வளைகிறது

கேள்வி: முதல் உலகப் போரின் ஈரடுக்கு இறக்கைப் போர் விமானமான சாப்வித் கேமலின் 1/48 அளவு மாடல் செய்கிறேன். மேல் இறக்கை ஒட்டியாயிற்று. இறக்கைகளுக்கு இடையே வரும் கம்பிகளுக்காக 0.1 மி.மீ. தூண்டில் நைலானை இழுத்துக் கட்டினால் இறக்கை கீழே வளைகிறது, விட்டால் தொய்கிறது. என்ன செய்யலாம்?

பதில் 1: இழுக்கவே வேண்டாம் சார். லேசான தொய்வோடு இரு முனையையும் ஒட்டுங்க. பசை நன்றாகக் காய்ந்ததும் ஊதுபத்திக் கங்கை நூலுக்குப் பக்கத்தில், தொடாமல், சீராக நகர்த்துங்க. நைலான் சுருங்கி விறைக்கும். ஒரே இடத்தில் நிறுத்தினால் அறுந்துவிடும். சூப்பர் க்ளூவை ஊசி முனையில் தொட்டு வையுங்க. கூடினால் பெயின்ட் மேல் வெள்ளையாகப் பூக்கும்.

பதில் 2: என் ஓட்டு எலாஸ்டிக் நூலுக்குத்தான், இறக்கையை இழுக்காது. நூல் நுழைய 0.3 மி.மீ. துளைகளை, இறக்கையை ஒட்டுவதற்கு முன்பே, கம்பி போகும் சாய்விலேயே போட்டிருக்கணும். இப்போது என்றால் கைத்துளைப்பானால் மெதுவாக.

பதில் 3: வரிசையும் முக்கியம். முதலில் நடுத்தாங்கிகளின் (விமான உடலையும் மேல் இறக்கையையும் இணைக்கும் கால்கள்) குறுக்குக் கம்பிகள், பிறகு மேல் இறக்கை நடுவிலிருந்து வெளித்தாங்கியின் (இரு இறக்கைகளுக்கு இடையே வெளிப்பக்கம் நிற்கும் கால்) அடிக்கு வருபவை, கடைசியில் கீழிருந்து மேலேறுபவை. இடம் ஒன்று, வலம் ஒன்றாக மாற்றி மாற்றிக் கட்டுங்க. கேமலில் மேலேறும் கம்பிகள் இரட்டை. பலர் ஒற்றையாக விட்டுவிடுகிறார்கள். இன்னொன்று: மேல் இறக்கை நேராகத்தான் இருக்கணும், கீழ் இறக்கைக்கு மட்டுமே நுனி நோக்கி மேலே 5 டிகிரி ஏற்றம்.