பழைய ஈ 220 சிடிஐ (டபிள்யூ 211): 2005-ஆ 2007-ஆ? எடுத்ததும் முதலில் எதில் கை வைப்பது?

சேலம்_டீசல்:
வணக்கம். மெர்சிடிஸ் ஈ 220 சிடிஐ டீசல் ஆட்டோமேட்டிக் (டபிள்யூ 211 என்பது அந்தத் தலைமுறையின் கோட்), இரண்டு வண்டி பேச்சில் இருக்கிறது. ஒன்று 2005, மற்றது 2007. இரண்டும் ஒன்றரை லட்சம் கி.மீ.க்குள். எடுத்தால் விற்கிற எண்ணம் இல்லை. பெரும்பாலும் ஹைவே ஓட்டம்தான். 2007 வண்டிக்கு சர்வீஸ் ரெக்கார்டு பாதிதான் இருக்கிறது. எதை எடுக்கலாம், முதல் செலவு எதற்கு?

பழைய_ஸ்பானர்:
ரெக்கார்டு பாதி இருந்தாலும் 2007-ஐயே பாருங்கள் சார். காரணம் பிரேக். 2006 நடுவில் ஃபேஸ்லிஃப்ட் (பாதியில் வந்த புது வடிவம்) வருவதற்கு முந்தைய டபிள்யூ 211-இல் எஸ்பிசி என்ற எலக்ட்ரானிக் பிரேக். பெடல் சென்சாருக்குத்தான் தகவல் சொல்லும். பிரஷரைக் கொடுப்பது எலக்ட்ரிக் பம்ப். எத்தனை முறை பிரேக் பிடித்தோம் என்று அந்த யூனிட் எண்ணிக்கொண்டே வரும். எண்ணிக்கை வரம்பைத் தொட்டதும் பம்ப் நன்றாக இருந்தாலும் மீட்டரில் எச்சரிக்கை வந்துவிடும், ஸ்கேனரில் சி249எஃப் கோட் காட்டும். யூனிட் நிஜமாகவே படுத்தால் பெடல் ஆழமாக இறங்கும், முன் சக்கர பிரேக் மட்டும்தான் பிடிக்கும். விலை வித்தியாசத்தை ஒரே யூனிட் தின்றுவிடும்.

ஆர்சியில் உள்ள வருடத்தை நம்ப வேண்டாம், பழைய ஸ்டாக் 2007-இல் பதிவாகியிருக்கலாம். பானெட்டைத் திறந்து டிரைவர் பக்கம் பாருங்கள்: மாஸ்டர் சிலிண்டருக்குப் பின்னால் பெரிய வட்ட வேக்யூம் பூஸ்டர் இருந்தால் சாதாரண பிரேக். அது இல்லாமல், கதவைத் திறந்ததும் பானெட்டுக்குள் மோட்டார் முனகினால் எஸ்பிசி.

எஸ்பிசி வண்டியையே எடுப்பதானால், பேட் மாற்றும்முன் ஸ்கேனரில் எஸ்பிசியை டீஆக்டிவேட் செய்யச் சொல்லுங்கள். இல்லையென்றால் யாராவது கதவைத் திறந்தாலே பிரஷர் ஏறி பிஸ்டன் வெளியே தள்ளும். மெக்கானிக்கின் விரல் நடுவில் இருந்தால் அவ்வளவுதான்.

இன்ஜெக்டர்_ராஜா:
இன்ஜினில் (மாடல் ஓஎம் 646) முதலில் பார்க்க வேண்டியது இன்ஜெக்டர், டீசலைப் பீய்ச்சும் பாகம். மேல் கவரைக் கழற்றுங்கள். இன்ஜெக்டர் அடியைச் சுற்றித் தார் போலக் கருப்பாக இறுகியிருந்தால் அடியிலுள்ள காப்பர் வாஷர் போய்விட்டது. கம்பஷன் கேஸ் மேலே கசிந்து எண்ணெயைச் சுட்டுக் கரியாக்குகிறது. விட்டுவைத்தால் இன்ஜெக்டர் ஹெட்டோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு புல்லர் போட்டாலும் வராது. குளிர்ந்த ஸ்டார்ட்டில் "ச்சு ச்சு" என்று சத்தம் வந்தாலும் இதேதான்.

வெறும் வாஷர் மாற்றினால் திரும்ப வரும். வாஷர் உட்காரும் இடத்தைக் கட்டரால் சுத்தம் செய்து, புது வாஷர், புது போல்ட் போட வேண்டும். அது ஸ்ட்ரெட்ச் போல்ட் (இறுக்கும்போது நீளும்), ஒருமுறைக்குத்தான். டார்க் ரெஞ்சில் முதலில் 7 நியூட்டன் மீட்டர் இறுக்கம், பிறகு 90 டிகிரி திருப்பு, இன்னொரு 90 டிகிரி. கை அளவில் இறுக்கும் ஆளிடம் கொடுத்தால் ஹெட்டில் த்ரெட் போகும்.

க்ளோ ப்ளக்கை (குளிரில் ஸ்டார்ட் ஆகச் சூடேற்றுவது) இன்ஜின் சூடாக இருக்கும்போது மட்டும் கழற்றச் சொல்லுங்கள். மீறித் திருகினால் உள்ளேயே முறியும். மீட்டரில் இன்ஜின் டெம்பரேச்சர் ஹைவேயில் 80 டிகிரியைத் தொடவில்லையென்றால் தெர்மோஸ்டாட் (கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு) திறந்தபடி நின்றுவிட்டது. சின்ன வேலை, ஆனால் மைலேஜைக் குறைக்கும். இன்ஜின் ஆயில், ஃபில்டரோடு சேர்த்து மாற்றினால் 6.5 லிட்டர்.

சேலம்_டீசல்:
நன்றி. கியர்பாக்ஸ் ஆயில் "ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்" என்கிறார்கள். பழைய வண்டியில் மாற்றினால் கெட்டுவிடும் என்றும் சொல்கிறார்கள்?

பழைய_ஸ்பானர்:
இரண்டும் தவறு. இந்த கியர்பாக்ஸ் மாடல் 722.6, ஐந்து கியர். 60,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றினால் நீண்ட நாள் உழைக்கும். மெஷின் வைத்து ஃப்ளஷ் அடிக்க வேண்டாம். பேனை (கியர்பாக்ஸின் அடித்தட்டு) இறக்கி, ஃபில்டர், கேஸ்கெட் மாற்றுங்கள். சுமார் 4 லிட்டர் இறங்கும், மீதி டார்க் கன்வெர்ட்டரில் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் பாகம்) நிற்கும். இறங்கியதை அளந்து அதே அளவு எம்பி 236.14 தர ஆயில் ஊற்றுங்கள். வண்டியில் டிப்ஸ்டிக் கிடையாது, ட்யூப் மட்டும்தான். தனி டூல் வைத்து ஆயில் 80 டிகிரியில், இன்ஜின் ஓடும்போது, லீவர் 'பி'-இல் (பார்க்) வைத்து அளவு பார்க்க வேண்டும். குளிர்ந்த நிலையில் பார்த்து நிரப்பினால் அதிகமாகிவிடும்.

பேன் இறங்கியிருக்கும்போதே கியர்பாக்ஸுக்குள் ஒயர் போகும் 13 பின் கனெக்டரின் அடாப்டரையும் மாற்றிவிடுங்கள், விலை குறைவு. அதன் ஓ-ரிங் கசிந்தால் எண்ணெய் ஒயர் வழியாகவே ஏறி கியர்பாக்ஸ் கண்ட்ரோல் யூனிட்டுக்குப் போகும். வாங்கும்முன் அந்த யூனிட்டின் சாக்கெட்டைக் கழற்றி ஈரம் இருக்கிறதா பாருங்கள். ஓட்டிப் பார்க்கையில் திடீரென்று இரண்டாவது கியரிலேயே நின்றுவிட்டால் கண்டக்டர் ப்ளேட்டில் (கியர்பாக்ஸுக்குள் இருக்கும் எலக்ட்ரிக் தட்டு) உள்ள ஸ்பீட் சென்சாரைச் சந்தேகிக்கலாம், முழு கியர்பாக்ஸ் மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

புஷ்_மாற்றி:
ஒன்று விட்டுப்போயிற்று. முன் சஸ்பென்ஷன் ஆர்மின் ரப்பர் புஷ் மாற்றினால் போல்ட்டைக் கடைசியாக இறுக்குவது வண்டி தரையில் சக்கரத்தில் நிற்கும்போது. லிஃப்டில் தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கியபடி இருந்து சீக்கிரம் கிழியும். முடிந்ததும் வீல் அலைன்மென்ட்.

டிக்கி கார்பெட்டையும் தூக்கிப் பாருங்கள். டெயில் லேம்ப் சீல் வழியாகத் தண்ணீர் இறங்கினால் பின் ஃப்யூஸ் பாக்ஸ், பேட்டரி இரண்டும் நனையும். பேட்டரி ஏஜிஎம் (திரவம் ததும்பாத, சீல் செய்த வகை)தானா என்று பாருங்கள். சாதாரண பேட்டரி போட்டிருந்தால் சம்பந்தமில்லாத எச்சரிக்கைகள் வரும்.

இரண்டு வண்டியுமே பதினைந்து வருடம் தாண்டியவை. ஃபாரம் 25 (ஆர்சி புதுப்பிப்பு விண்ணப்பம்) கொடுத்து ஐந்து வருடத்துக்கு ஆர்சி புதுப்பித்திருக்கிறார்களா, பசுமை வரி கட்டியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டே அட்வான்ஸ் கொடுங்கள்.