ஈக்விப் உதவி வாங்கிய அனுபவம் யாருக்காவது இருக்கா?

வணக்கம். வட கரோலினாவில் ஒரு கிராமப்புற கவுண்டியில் போன வருஷம் 14 ஏக்கர் வாங்கினோம். சரிவான மேய்ச்சல் நிலம், செம்மண். ஒரு பெருமழை பெய்தால் போதும், ஓடைத் தண்ணீர் டிகாக்‌ஷன் மாதிரி ஓடுகிறது. ஆடுகள் இறங்கி இறங்கிக் கரை முழங்கால் ஆழத்துக்கு அரித்துவிட்டது.

ஓடையோரம் வேலியும் மேட்டில் ஒரு தண்ணீர்த் தொட்டியும் போட, அமெரிக்க மத்திய வேளாண் துறையின் ஈக்விப் (EQIP, மண், நீரைக் காக்கும் பண்ணை வேலைகளுக்குச் செலவில் ஒரு பங்கு தரும்) திட்டத்தில் உதவி கேட்கப் போகிறேன். அதே துறையின் பண்ணைச் சேவை அலுவலகமான எஃப்எஸ்ஏவில் (FSA) பண்ணை எண் வாங்கி, மண்ணரிப்பு, ஈரநில விதிகளைக் கடைப்பிடிப்போம் என்று உறுதி தரும் ஏடி-1026 படிவமும் கொடுத்தாச்சு. விவசாயத்துக்கு வந்து 10 வருஷம் ஆகாதவர்களுக்கு மதிப்பிட்ட செலவில் 90 சதவீதம் வரை கிடைக்கலாம். பாதியை முன்பணமாகவும் கேட்கலாம்.

சிக்கல் என்னன்னா, ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் தொடங்கிய வேலைக்குப் பொதுவாகப் பணம் வராது. இது தெரியாமல் என் வீட்டுக்காரர் ஒரு சனிக்கிழமை உற்சாகத்தில் பதினோரு கம்பம் நட்டுவிட்டார். (நேராகவும் நடவில்லை, அது வேறு கதை.)

இப்போ அந்தப் பகுதியை விட்டுவிட்டு மீதி வேலிக்கு மட்டும் விண்ணப்பிக்கலாமா? இல்லை, பிடுங்கிவிட்டுப் போய் உண்மையைச் சொல்வது நல்லதா? பணம் துறையின் விலைப்பட்டியல்படிதான், நம் ரசீதுப்படி இல்லை என்பதால், வேலி ஆளுக்குக் கொடுத்தது போகக் கையிலிருந்து எவ்வளவு போட்டீர்கள்? விண்ணப்பங்களை மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துகிறார்களாம். ஓடையோரம் மரம் நடுவதையும் சேர்த்துக் கேட்டால் மதிப்பெண் கூடுமா?

அனுபவப்பட்ட அண்ணன், அக்காமார் யாராவது சொல்லுங்க. அடுத்த வாரம் துறை ஆட்கள் நிலத்தைப் பார்க்க வருகிறார்கள்.