குழாயைத் தட்டினால் 196, கணக்குப் போட்டால் 292: எங்கே பிழை?

கொட்டகலைப் பையன்:
தேயிலை பெக்டரி பட்டறையில் சும்மா கிடந்த உருக்குக் குழாய் ஒன்றை இறுதியாண்டு வேலைக்காகக் கேட்டு வாங்கினேன். ஆரை 100 மி.மீ., தடிப்பு 3 மி.மீ., நீளம் 2 மீற்றர், இரண்டு முனையும் திறந்தது. கயிற்றில் தொங்கவிட்டு மரச்சுத்தியலால் தட்டி, ஒலியைப் போனில் பதிந்தேன். மிகக் குறைந்த மீடிறன் 196 ஹேர்ட்ஸுக்குப் பக்கத்தில் வருகிறது. மெல்லிய ஓடுகளுக்கான (குழாய் மாதிரி வளைந்த மெல்லிய சுவர்களுக்கான) டொனெல் சமன்பாட்டில் பரிதியைச் சுற்றி 2 அலை, ஆரைத்திசைச் சடத்துவம் (சுவர் உள்ளும் வெளியும் அசைவதற்கான சடத்துவம்) மட்டும் என்று எடுத்தால் 292! யங்கின் மட்டு, அடர்த்தி எல்லாம் சரிபார்த்துவிட்டேன்.

மஸ்கெலியா அண்ணே:
கயிறு இறுக்கிப் பிடிக்கும். இல்லாவிட்டால் போன் மைக்.

கொட்டகலைப் பையன்:
சைக்கிள் டியூபில் தொங்கவிட்டும் பார்த்தேன் அண்ணே, அதே 196தான்.

பழைய பொறியியலாளர்:
போன் பாவம், அதை விடுங்கள் தம்பி. டொனெல் 1933இல் மெல்லிய குழாய்கள் முறுக்கில் நெளிவதைப் பற்றி எழுதும்போது, வளைவு மாற்றத்தைக் கணிக்கையில் தொடுகோட்டு இடப்பெயர்ச்சியை, அதாவது சுவர் பரிதி வழியே நகர்வதை, விட்டுவிட்டார். பரிதியில் அலைகள் நிறைய இருந்தால் பாதகமில்லை. உங்களுக்கு இரண்டே இரண்டு. பரிதியிலுள்ள அலைகளின் எண்ணிக்கை n என்றால், நீளாமல் வளையும் குழாயில் வளைவு n²−1 என்று வரவேண்டிய இடத்தில் அவருக்கு n² வருகிறது. n=1 போட்டுப் பாருங்கள்: குழாய் சும்மா பக்கவாட்டில் நகர்கிறது, ஆனாலும் வளைந்ததாகச் சொல்லும்! n=2க்கு மீடிறன் 4/3 மடங்கு, 3க்கு 9/8, 4க்கு 16/15.

மிச்சப் பிழை உங்களுடையது. தொடுகோட்டுச் சடத்துவத்தையும் விட்டதால் இன்னும் 1.118 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் 1.49. 292ஐ அதால் வகுங்கள்.

கொட்டகலைப் பையன்:
196! அப்படியென்றால் டொனெலைத் தூக்கிப் போடவா?

பழைய பொறியியலாளர்:
ஐயோ, வேண்டாம். குட்டையான, மெல்லிய ஓட்டில் மிகக் குறைந்த மீடிறனே 7, 8 அலையில் வரும். அங்கே சுலபமான சமன்பாடு அதுதான். நீளக் குழாய்க்கு அந்த இடப்பெயர்ச்சியை விடாத ஃபுளூகே அல்லது சாண்டர்ஸ் சமன்பாட்டை எடுங்கள்.

கொட்டகலைப் பையன்:
நீர்மின் நிலையக் குழாய் மாதிரி தண்ணீர் நிரப்பினால்?

பழைய பொறியியலாளர்:
சதுர மீற்றருக்குத் தண்ணீரின் திணிவு ρR/n (ρ தண்ணீரின் அடர்த்தி, R ஆரை), அதாவது 50 கிலோ கூடும். ஓட்டின் பங்கு, தொடுகோட்டுச் சடத்துவத்தோடு, 29தான். ஆகவே 119 ஹேர்ட்ஸ் அளவுக்கு இறங்கும். முனைகளை மெல்லிய ரப்பர் தாளால் மூடுங்கள்; தகடு ஒட்டினால் முனை வட்டமாகவே நின்றுவிடும், கணக்கு மாறிவிடும்.

மஸ்கெலியா அண்ணே:
குழாய் 30 கிலோ, தண்ணீர் 60 கிலோ. சைக்கிள் டியூப் தாங்காது தம்பி, லொறி டியூப் தேடு.