1959 மொறிஸ் மைனருக்கு டிஸ்க் பிறேக்கும் அலாய் சில்லும் பொருத்தலாமா?

கேள்வி (கொக்குவில்)

அனைவருக்கும் வணக்கம். அப்பா வாங்கிய 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000, அதே 948 சிசி இயந்திரத்துடன், இன்றும் எங்கள் வீட்டில் ஓடுகிறது. சென்ற மாதம் காங்கேசன்துறை வீதியில் முன்னால் போன முச்சக்கரவண்டி திடீரென நின்றபோது, மிதியை முழுப் பலத்தோடு அழுத்தியும் கார் இடப்பக்கம் இழுபட்டு, ஒரு முழ இடைவெளியில்தான் நின்றது. பின் இருக்கையில் அம்மா இருந்தார். முன் சில்லுகளுக்கு டிஸ்க் பிறேக் போட விரும்புகிறேன். கராஜில் ஒரு ஜப்பானியக் காரின் அலாய் சில்லுகளைக் காட்டி, நான்கு நட்டும் ஏறுவதால் அவற்றையும் போடலாம் என்கிறார்கள். போடலாமா?

பதில் (மானிப்பாய்)

தம்பி, அந்தச் சில்லுகளைத் தயவுசெய்து போடாதீர்கள். மைனரின் நான்கு போல்ட்டுகளும் 101.6 மில்லிமீற்றர், அதாவது நான்கு அங்குல விட்டமுள்ள வட்டத்தில் இருக்கின்றன. ஜப்பானியச் சிறு கார்கள் பலவற்றில் அது 100 மில்லிமீற்றர். வித்தியாசம் மிகச் சிறியது என்பதால்தான் நட்டு ஏறிவிடுகிறது. ஆனால் நட்டின் கூம்பு முகம் துளையில் முழுதாக அமராமல் ஒரு விளிம்பில் மட்டும் நெருக்கும், போல்ட் உட்பக்கம் வளையும், ஓட ஓட நட்டு தளரும் அல்லது போல்ட் முறியும். உங்கள் பழைய 14 அங்குல இரும்புச் சில்லுகளுக்கே 155/80 றேடியல் ரயர், ரியூப்புடன் போடுங்கள். நிற்கும் தூரம் குறைவதற்கு நல்ல ரயரே பாதிக் காரணம் என்பது என் அனுபவம்.

இடப்பக்கம் இழுத்தது என்றால் வலப்பக்கம் சரியாகப் பிடிக்கவில்லை என்றே முதலில் கொள்ள வேண்டும். முன் சில்லு ஒவ்வொன்றிலும், பிறேக் எண்ணெயின் அழுத்தத்தால் பிறேக் சூவை (உராய்ந்து நிறுத்தும் கட்டையை) வெளியே தள்ளும் இரண்டு சிலிண்டர்கள் உண்டு. அவற்றுள் ஒன்று இறுகினாலே அந்தப் பக்கத்தின் பலம் பெரிதும் குறைந்துவிடும். டிஸ்க்கைப் பற்றி யோசிக்குமுன் வலது ட்றம்மை, அதாவது சூ உள்ளிருந்து அழுத்தும், சில்லோடு சுழலும் உருளையை, கழற்றிப் பாருங்கள்.

பதில் (பதுளை)

மேலே சொன்னதை முற்றாக ஏற்கிறேன். ஆயினும் மலைப்பாதையில் தொடர்ந்து இறங்குபவன் என்ற முறையில், உங்கள் காரின் 7 அங்குல முன் ட்றம்கள் சூடேறினால் பிடிப்பை இழக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். 1962இல் 1098 சிசி இயந்திரம் வந்தபோது முன் ட்றம்மை 8 அங்குலமாக்கினார்கள். அந்தத் தொகுதியைப் பின்தட்டு (இவை பொருத்தப்படும் தகடு), சிலிண்டர், பிறேக் சூ எல்லாவற்றோடும் சேர்த்து எடுத்துப் பொருத்துவதே செலவு குறைந்த, நேரிய வழி.

டிஸ்க்தான் வேண்டுமென்றால், டிஸ்க்கை இரு பக்கமும் பாட்டுகளால் இறுக்கிப் பிடிக்கும் கலிப்பர் மட்டும் வாங்கி வேலை முடியாது. ட்றம்மில் சுழற்சியே சூவை உள்ளிழுத்து உதவுகிறது. டிஸ்க்கில் அந்த உதவி இல்லாததால் மிதிக்க வேண்டிய பலம் கூடும், பெரும்பாலும் அந்தப் பலத்தைப் பெருக்கித் தரும் சேர்வோ தேவைப்படும். ட்றம்முக்கென மாஸ்டர் சிலிண்டரில் (மிதியை அழுத்தும்போது எண்ணெயைக் குழாய்களுக்குத் தள்ளும் பகுதியில்) உள்ள, குழாயில் சிறிது அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் வால்வு அப்படியே இருந்தால், பாட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். எதைச் செய்தாலும், ஒரே குழாய்வழியாக நான்கு சில்லுகளுக்கும் எண்ணெய் போகும் இந்த அமைப்பில் ஒரு ரப்பர்க் குழாய் வெடித்தால் கைப்பிறேக் தவிர வேறொன்றும் மிஞ்சாது என்பதால், குழாய்களைக் கட்டாயம் மாற்றுங்கள்.

கேட்டவர் மீண்டும்

இருவருக்கும் நன்றி. இன்று காலை வலது முன் ட்றம்மைக் கழற்றினேன். ஒரு சிலிண்டரின் பிஸ்ரன் துருப்பிடித்து அசையவே இல்லை. மற்றதின் ரப்பர் கசிந்து, சூவின் மேல் எண்ணெயும் தூசும் கலந்து கரிய களிம்பாகப் படிந்திருந்தது. ஓட்டுநர் காலடியில், கம்பளத்துக்குக் கீழுள்ள மூடியைத் திறந்து பார்த்தால், மாஸ்டர் சிலிண்டரில் எண்ணெய் தேநீர் நிறத்தில் இருக்கிறது. அலாய் எண்ணத்தைக் கைவிட்டேன். 8 அங்குலத் தொகுதியைத் தேடுகிறேன். அது கிடைக்கும்வரை கார் கொட்டிலில்தான் நிற்கும். யாரிடமாவது இரு பக்கத்துக்குமான பின்தட்டுகள் இருந்தால் தெரிவியுங்கள்.