திருகோணமலை முதல் புல்மோட்டை வரை: கூடாரம் எங்கே அடிக்கலாம்?

கேள்வி:
நாங்கள் ஐந்து பேர், மூன்று மோட்டார் சைக்கிள். ஜூலையில் நிலாவெளி, குச்சவெளி வழியாகப் புல்மோட்டை வரை போய் இரண்டு இரவு கடற்கரையில் தங்க யோசனை. புறாத்தீவில் கூடாரம் அடிக்க விடுவார்களா?

பதில் 1:
புறாத்தீவை மறந்துவிடுங்கள் தம்பி. அது 2003இலிருந்து தேசியப் பூங்கா, பகலில் நிலாவெளியிலிருந்து படகில் போய் வரலாம், அவ்வளவுதான்.

பதில் 2:
ஜூலையில் மழைப் பயமில்லை, கச்சான் காற்றுதான் தொல்லை. போன முறை குச்சவெளிப் பக்கம் மணலில் ஆணி அடித்துவிட்டு நிம்மதியாகப் படுத்தோம், நடுச்சாமத்தில் கூடாரம் எங்களையும் சேர்த்து இழுத்தது, பிறகு அரிசிப் பைகளில் மணல் நிரப்பிக் கயிற்றைக் கட்டிப் புதைத்த பிறகுதான் நின்றது. சைட் ஸ்டாண்டுக்குக் கீழே ஒரு தென்னை மட்டையும் வையுங்கள், இல்லாவிட்டால் விடியும்போது வண்டி சரிந்து கிடக்கும்.

பதில் 3:
யாராவது ஹபரணைப் பக்கமிருந்து வந்து சேர்வதென்றால் இருட்டுமுன் வரச் சொல்லுங்கள், அந்த வீதியில் யானை நிற்கும். திரும்பும்போது கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளியுங்கள், ஏழும் ஏழு சூடு.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணா. அரிசிப் பை வீட்டிலேயே இருக்கிறது, அம்மாவிடம்தான் கேட்க வேண்டும்.